இடக்கை வரிசை

14 ஜனவரி 2019, திங்கள்

வானொலி நிலையத்தில் காலைச் செய்தியை ஐந்து நாற்பதுக்கே தட்டி முடித்துவிட்டேன். ஒரே கையால். இரண்டு கையும் வேலை செய்த காலத்தில்கூட இவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை. இதை வேறு யாரிடம் சொல்ல? இங்கேதான் எழுதி வைக்க வேண்டும்.

பண்டோ சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஒன்பது மாதம் ஆகிறது. வலது கை தோளிலிருந்து தொங்குகிறது, அவ்வளவுதான். செய்தி தட்டும் எடிட்டர் நிரலுக்குள் நானே எழுதிச் சேர்த்த இடக்கை வரிசை இல்லாவிட்டால் என்னை எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எஃப்-டூ விசையை ஒரு தட்டுத் தட்டினால் எழுத்தெல்லாம் இடம் மாறி இடது பக்கம் வந்துவிடும். இன்னொரு தட்டு, பழையபடி ஆகிவிடும். கணினி ஒன்று, தட்டுகிறவர்கள் மூன்று பேர். அதனால் நான் நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் அதை அணைத்துவிட வேண்டும். மேலாளர் எசினாம் மேடம் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

காலையில் இருபது தடவையாவது போடுகிறேன், இருபது தடவை அணைக்கிறேன். நான் அங்கே உட்கார்ந்திருந்ததே தெரியக் கூடாது என்பது போல.

15 ஜனவரி, செவ்வாய்

மதியம் அக்ப்ளே, மக்காச்சோளக் களி. வெண்டைக்காய்ச் சாறு ஒரே கிண்ணத்தில், சுற்றிலும் எல்லோரும். எனக்கு மட்டும் தனித் தட்டு, கரண்டி. யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பத்துப் பேர் கை வைக்கும் கிண்ணத்தில் இடது கையை விட எனக்கே துணிவு வராது. சின்ன வயதில் இடது கையை நீட்டியதற்கு வாங்கிய அடியெல்லாம் இன்னும் அந்தக் கையில் இருக்கிறது.

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கே அவர்கள் சிரிப்பது கேட்கும், எதற்கு என்று கேட்காது.

18 ஜனவரி, வெள்ளி

பாலைக்காற்று. உதடு வெடித்துவிட்டது. வேலைப் பேச்சைத் தவிர இன்று யாரிடமும் பேசவில்லை.

22 ஜனவரி, செவ்வாய்

இன்றைக்கு எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலைச் செய்தியை முடித்துவிட்டுத் தேநீருக்கு வெளியே போனேன். அந்த நேரத்தில் டோட்சே அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருடமாகச் செய்தி வாசிக்கிறவர். கடைசி நிமிடத்தில் வந்த சாவு அறிவிப்பு ஒன்றை, காகிதத்தைப் பார்த்து, திரையைப் பார்க்காமல் தட்டியிருக்கிறார். ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாராம். ஒரு எழுத்தும் எழுத்தாக இல்லை. அக்பாலு குடும்பத்துப் பெரியவரின் பெயர் வர வேண்டிய இடத்தில் அவர் திக்கித் திக்கி என்னவோ உளறியதை ஊரே கேட்டது.

இடக்கை வரிசை போட்டபடியே இருந்திருக்கிறது.

ஒன்பது மணிக்கெல்லாம் குடும்பத்தார் துக்க உடையில், கறுப்பும் சிவப்புமாக உடுத்தி வந்துவிட்டார்கள். மேடம் வழக்கப்படி இரண்டு புட்டி ஷ்னாப்ஸ் சாராயம் வைத்து மன்னிப்புக் கேட்டார்கள். டோட்சே அண்ணன் எல்லார் முன்னாலும் என்னிடம் வந்தார்.

"உன் குரங்கு வேலையால செத்தவர் பேரே போச்சு செனானு. முப்பது வருஷத்துல என் வாயில இப்படி வந்ததில்லை."

அணைத்தேனா? அணைத்ததாகத்தான் ஞாபகம். ஆனால் அது இன்றைய ஞாபகமா, நேற்றையதா? இருபது தடவை செய்கிற காரியத்தில் ஒரு தடவையைத் தனியாக எப்படி நினைவு வைத்துக்கொள்வது?

23 ஜனவரி, புதன்

மேடம் என்னை வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். வருகிறவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும், கொண்டுவரும் அறிவிப்புகளை வாங்கி உள்ளே அனுப்ப வேண்டும். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார்கள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

எடிட்டரிலிருந்து இடக்கை வரிசையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும், யாரும் தொட மாட்டாங்க" என்றார்கள்.

25 ஜனவரி, வெள்ளி

வாசலில் காகிதத்தை நீட்டுகிறார்கள். நான் இடது கையை நீட்டுகிறேன். "இடக்கைக்கு மன்னிக்கணும்" என்கிறேன். இன்று முப்பத்தெட்டு தடவை. ஒரு அம்மாள் காகிதத்தை என் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். நல்லவள்தான், அவளுக்கும் பழக்கம் அப்படி.

உள்ளே கணினிக்கு முன்னால் இருந்தபோது என் கையை யாரும் பார்க்கவில்லை. அங்கே அது வெறும் செய்தியாக வெளியே போனது. இங்கே நான் என்றாலே கைதான். என்னால் இது முடியாது. என்னால முடியலை.

27 ஜனவரி, ஞாயிறு

அஃப்லாவோவிலிருந்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். வேலை எப்படி என்றாள். நன்றாகப் போகிறது என்றேன்.

1 பிப்ரவரி, வெள்ளி

மதியம் கஃபூயி வாசலுக்கு வந்தாள். என்னோடு காலை முறையில் தட்டுகிற பெண், வாய் ஓயாதவள். இன்று நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க அணைச்சுட்டுத்தான் போனீங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"மறுபடி போட்டது நான்."

ஏன் போட்டாய் என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"கென்கே உருண்டை சாப்பிட்டுட்டு இருந்தேன். வலது கை பூரா மிளகாயும் மீன் எண்ணெயும். தண்ணி வராதுன்னு குடிநீர்க்காரங்க சொன்ன சேதியை உடனே சேர்க்கணும். உங்க வரிசையிலன்னா இடது கை போதுமே. ரெண்டு மாசமா அப்படித்தான் செய்யறேன். சாப்பாட்டை நிறுத்த வேண்டியதில்லை பாருங்க. சேர்த்துட்டுக் கை கழுவப் போனேன். திரும்பறதுக்குள்ள டோட்சே அண்ணன் உட்கார்ந்துட்டார்."

நான் சிரித்துவிட்டேன். மூன்று மாதம் கண் வலிக்க உட்கார்ந்து நான் செய்ததை, ஒருத்தி கென்கே தின்பதற்காகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு.

"மேடம்கிட்ட சொல்லிடறேன் அண்ணே. வேலை போயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

சரி என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. பத்து நாள். அந்தப் பத்து நாளும் அவள் அந்த வாசல் வழியாகத்தானே வந்து போனாள்? என்னிடம் காலை வணக்கம் சொல்லிக்கொண்டேதானே போனாள்?

4 பிப்ரவரி, திங்கள்

அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

5 பிப்ரவரி, செவ்வாய்

இன்றும் இல்லை. நானே போய் மேடத்திடம் சொல்லலாம். சொன்னால் அவளுக்கு வேலை போகும், அல்லது நான் பொய் சொல்வதாக நினைப்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் நாளை காலை இதே நாற்காலியில்தான் இருப்பேன். ஆனால் நான் மறக்கவில்லை. அணைத்திருந்தேன். இது எனக்குத் தெரிந்தால் போதாதா?

போதவில்லை.

6 பிப்ரவரி, புதன்

வாரக் கூட்டம். எனக்கும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. காலைச் செய்தி தினமும் தாமதமாகிறது என்று மேடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் கஃபூயி எழுந்தாள்.

கென்கே, மிளகாய், மீன் எண்ணெய், ஒன்றையும் விடவில்லை. முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு நின்றுவிட்டது. எல்லோரும் டோட்சே அண்ணனைப் பார்த்தார்கள். அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் கஃபூயிக்கு ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்தார்கள். கணினி இருக்கும் அறையில் இனி யாரும் எதையும் தின்னக் கூடாது என்றார்கள். என் பக்கம் திரும்பி, "நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துடுங்க செனானு" என்றார்கள். இந்தத் தடவை கண்ணைப் பார்த்து.

7 பிப்ரவரி, வியாழன்

ஐந்து நாற்பத்தெட்டு. விரல் கொஞ்சம் தடுமாறியது.

டோட்சே அண்ணன் செய்தியை வாங்கிக்கொண்டு போனார். என் தட்டும் கரண்டியும் மதியம் வழக்கமான இடத்தில் இருந்தன. வேலை திரும்பி வந்துவிட்டது. ஜெனரேட்டர் அறையும் கூடவே வந்துவிட்டது.

11 பிப்ரவரி, திங்கள்

மதியம் தட்டை எடுக்கப் போனேன். அதை டோட்சே அண்ணன் கையில் வைத்திருந்தார்.

"கை கழுவினியா?" என்றார்.

"கழுவினேன்."

"அப்போ உட்காரு."

"அண்ணே, என் கை…"

"உன் கையாலதான் தினம் நான் வாசிக்கிறேன். இங்க வா."

தன் முக்காலியை நகர்த்தி இடம் விட்டார். மற்றவர்களும் நகர்ந்தார்கள். ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் கிண்ணத்தையே பார்த்துவிட்டு எழுந்து போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் உட்கார்ந்தேன். "இடக்கைக்கு மன்னிக்கணும்" என்று வாய் தானாகச் சொன்னது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொழகொழத்த சாறு நூலாக இழுபட்டு என் முழங்கை வரை வழிந்தது. டோட்சே அண்ணன் மீனைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

உள்ளேயிருந்து கஃபூயி கத்தினாள்: "அண்ணே, எஃப்-டூவை அணைக்காமப் போயிட்டீங்க."

பாதி எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

"நீயே அணைச்சுக்கோ," என்றேன், வாய் நிறைய அக்ப்ளேயோடு.