ஆண் மீனின் வயிற்றில் முட்டை

அன்புள்ள உங்களுக்கு,

நானும் அத்தையும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை, போனில் நீங்கள் சொல்கிற ‘ம்’, ‘ம்ம்’ இரண்டையும் வைத்து நானே ஊகித்துக்கொள்கிறேன். உங்கள் கப்பலில் புதிதாகச் சேரும் சமையல்காரரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே நடுக்கடலில் சிக்னல் போய்விடுகிறது. போன தடவை துறைமுகத்தில் நின்றபோதும் போய்விட்டது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அத்தையின் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இப்போது கழுகுப் பார்வை. நான் கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவுகிறார். பக்கத்து வீட்டு டீச்சருக்கு மூன்றாவதும் பிறந்துவிட்டது. பார்க்கப் போனோம். அத்தை குழந்தையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இனி ஆய்வுக்கூடத்துச் செய்தி. ஆற்றில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய் வந்து விழுகிற இடத்துக்குக் கீழே மீன்குஞ்சே கண்ணில் படுவதில்லை என்று மீன் பிடிப்பவர்கள் புகார் கொடுத்தார்கள். குழாய்க்கு மேலே இருபது ஆண் மீன், கீழே இருபது ஆண் மீன் பிடித்து வந்தோம். என் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே. விதைப்பையை எடுத்து, மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. மேலே பிடித்தவற்றில் ஒரு குறையும் இல்லை. கீழே பிடித்த முதல் மீனைப் பார்த்தேன். விதைப்பைக்கு நடுவில் உருண்டையாக ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. முட்டை. லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இன்னொன்று.

எங்கள் இயக்குநர் கூச்ச சுபாவக்காரர். முப்பது வருஷமாக மீன் இனப்பெருக்கத்தைப் படிக்கிறவர், சில வார்த்தைகளை மட்டும் வாயால் சொல்லவே மாட்டார். நகராட்சியில் நடந்த கூட்டத்தில், ஆண் மீன்களுக்கு அந்தச் சமாச்சாரம் பாதியாகக் குறைந்திருக்கிறது என்றார். எந்தச் சமாச்சாரம் என்று நகராட்சித் தலைவி கேட்டார். இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து விந்தணு என்றேன். டீ கொண்டுவந்தவர் தட்டோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார். கூட்டம் முடிகிறவரை யாருக்கும் டீ கிடைக்கவில்லை.

சுத்திகரிப்பு நிலையத்தின் என்ஜினியர் ஒப்பவே இல்லை. பாட்டிலில் லேபிள் மாறியிருக்கும், பெண் மீனை வெட்டிவிட்டு ஆண் என்று எழுதியிருப்பேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீங்களே பிடியுங்கள், நீங்களே நம்பர் போடுங்கள், எது எங்கே பிடித்தது என்று எனக்குச் சொல்லாதீர்கள் என்றேன். மனிதர் ரோஷக்காரர். மறுநாளே முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். பூட்ஸ் சேற்றில் நின்றுவிட்டது, அவர் மட்டும் கரைக்கு வந்தார். ஆனால் நாற்பது மீனையும் சரியாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

பதின்மூன்று மீனில் முட்டை இருந்தது. நம்பர்களை நான் படிக்க, அவர் தன் சட்டைப்பையிலிருந்த தாளில் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். பதின்மூன்றும் குழாய்க்குக் கீழே பிடித்தவை. தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, எப்படி இது என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாம் சாப்பிடுகிற மாத்திரையின் மிச்சம், சோப்பு, பிளாஸ்டிக்கிலிருந்து கரைகிறது எல்லாம் சாக்கடை வழியாக வருகின்றன. எல்லாமே அவருடைய தொட்டிகளில் நிற்பதில்லை. தப்பிப் போகிறவற்றில் சில, மீனின் உடம்புக்குள் புகுந்து பெண் ஹார்மோன் போல வேஷம் போடுகின்றன. ஆண் மீனின் ஈரல் அதை நம்பி, முட்டைக்கு வேண்டிய சத்தை மும்முரமாகத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. “மீன் என்னங்க தப்பு பண்ணுச்சு?” என்றார் அவர். சண்டை அதோடு முடிந்தது. இப்போது குழாய்க்கு முன்னால், தண்ணீரை வடிகட்டக் கரித்தொட்டி ஒன்று வைத்துப் பார்க்கிறார். நான் வாராவாரம் தண்ணீர் எடுக்கப் போகிறேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் அத்தை ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அங்கே இரண்டு தொட்டிகள், ஒன்றில் குழாய்க்கு மேலே பிடித்த ஆண் மீன், இன்னொன்றில் கீழே பிடித்தது, இரண்டிலும் துணைக்கு ஒரு பெண் மீன். இந்த ஜாதியில் ஆண்தான் மணலில் குழி பறித்துக் குடித்தனத்துக்கு இடம் பண்ணும். மேலாற்று மீன் அன்றைக்குக் குழி பறித்துவிட்டு, பெண் மீனைச் சுற்றிச் சுற்றி வந்து ஓயாமல் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. கீழாற்று மீன் மூலையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை அதன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாகச் சாப்பிடுகிறது, நிறமும் குறையவில்லை, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்றேன். பிறகு, அதே இடத்தில் பிடித்த இன்னொரு மீனின் சீவல் பதித்த கண்ணாடித் துண்டைக் காட்டினேன். புதுக் கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்தவர் எடுக்கவே இல்லை.

“பார்க்க ராஜாவாட்டம் இருக்கு. ஆம்பளையையும் சோதிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்போல” என்றார்.

நான்கு வருஷமாக என்னை ஏழு டாக்டர்களிடம் கூட்டிப்போனவர் அத்தை. என் ரிப்போர்ட்டுகள் எல்லாம் அவருடைய பீரோவில்தான் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒன்றும் குறையில்லை என்றுதான் எழுதியிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். மறுநாள் கடைக்குப் போய்ப் புது ஃபைல் ஒன்று வாங்கி வந்தார். மேலே உங்கள் முழுப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். போதாதென்று கீழே ‘என் மகன்’ என்று எழுதி அடியில் ஒரு கோடும் இழுத்தார். டாக்டர் கவனமாகப் பார்க்க வேண்டுமாம். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, “உன்னையே போட்டுக் குடைஞ்சிட்டேன்” என்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அன்று அவர் அதை மறுபடி கழுவவில்லை.

மீனுக்கு வந்ததுதான் உங்களுக்கும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை. ஆனால் நீங்கள் எஞ்சின் அறையில் வேலை செய்கிறவர். பம்ப் ஓடவில்லை என்றால் ஒரு பக்கத்து வால்வை மட்டும் நான்கு வருஷம் கழற்றிக் கழற்றி மாட்டுவீர்களா?

நீங்கள் லீவில் வந்து இறங்கிய இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். ஒன்றுமில்லை என்று வந்தால் சந்தோஷம். ஏதோ இருக்கிறது என்று வந்தாலும் உங்களைப் பற்றி நான் நினைப்பதில் ஒரு மாற்றமும் வராது. ஒவ்வொரு தடவையும் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் தனியாகத்தான் எழுந்து உள்ளே போனேன். செவ்வாய்க்கிழமை உங்கள் பெயரைக் கூப்பிடும்போது உங்களோடு சேர்ந்து நானும் எழுந்திருப்பேன்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
உங்கள் மனைவி