இரண்டு பேருக்கு ஒரு அறை

ஜனவரி 11

அளவு நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இடுப்பும் தோளும் இருக்கின்றன. இந்தப் பக்கம் என் பாடு.

அவர் போய் ஐந்து மாதம் கழித்து இன்றைக்குத்தான் அவர் அலமாரியைத் திறந்தேன். மூன்று காக்கிச் சட்டை, முட்டிக்குக் கட்டும் பட்டை, டிரைவர் லைசென்ஸ் வைக்கும் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் மகள் போட்ட கடிதம். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தது. வந்த அன்று "தூக்கிக் குப்பையில போடு" என்று என் கையிலிருந்து அவரே பிடுங்கிக்கொண்டு போனார். குப்பைக்குத்தான் போயிற்று என்று நினைத்திருந்தேன்.

மடிப்பெல்லாம் கிழிந்திருக்கிறது. எத்தனை தடவை பிரித்து மடித்தால் தாள் இப்படிக் கிழியும்? துணியாக இருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன்.

"வீட்டில் மூன்று ரூமை வருகிறவர்கள் தங்குவதற்கு விட்டிருக்கிறோம். தேயிலைத் தோட்டம் பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள். நீங்களும் வாங்கப்பா." அதற்குக் கீழே ஃபோன் நம்பர். எனக்கென்று தனியாக ஒரு வரி இல்லை.

ஏழு வருடமாக இந்த வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சில்லை. மலைத்தோட்டத்தில் ஜீப் ஓட்டுகிறவனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். "இனிமே என் முகத்துல முழிக்காதே" என்றார் இவர். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போதும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் இறந்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

ஜனவரி 12

இதை ஃபோனில் சொல்ல முடியாது. நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். போகிறேன்.

ஜனவரி 15

தையல் கடையில் என்னோடு வேலை செய்யும், சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். எல்லோருக்கும் அவள் காஜாக்கா. "சொந்தப் பொண்ணு வீட்டுக்கு யாராவது ரூம் போட்டுட்டுப் போவாங்களா? நேரா போய்க் கதவைத் தட்டு" என்றாள்.

தட்டலாம். திறந்தவுடன் என்ன சொல்வது? நான்தான் வருகிறேன் என்று முன்கூட்டித் தெரிந்தால் வராதே என்று சொல்லிவிடலாம். அதைவிட மோசம், "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிடலாம். தங்க வருகிறவளாகப் போய்விட்டால் கேட் தாண்டி உள்ளே நிற்பேன். அதற்கப்புறம் வருவது வரட்டும்.

என் நம்பர் அவளுக்குத் தெரியும். காஜாக்கா ஃபோனிலிருந்து கேட்பதாக முடிவு.

ஜனவரி 18

மதியச் சாப்பாட்டு நேரத்தில் காஜாக்கா மெசேஜ் போட்டாள். பிப்ரவரி ஒன்பதிலிருந்து இரண்டு நாள் ரூம் கிடைக்குமா என்று. பத்து நிமிடத்தில் பதில். கிடைக்கும், எத்தனை பேர்?

காஜாக்கா என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேர்" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. முப்பத்து நாலு வருடம் எதைக் கேட்டாலும் ரெண்டு பேர்தானே. இன்னமும் காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கவிழ்க்கிறேன்.

காஜாக்கா தட்டி அனுப்பிவிட்டுத்தான் "யாரு ரெண்டாவது ஆளு?" என்றாள். மாற்றிவிடலாம் என்றாள். இருக்கட்டும் என்றேன். வயதான பொம்பளை தனியாக வருகிறாள் என்றால் ரூம் இல்லை என்று சொன்னாலும் சொல்வார்கள். அது நிஜமும்தான். ஆனால் அதற்காக மட்டும் விடவில்லை. ரெண்டு பேர் என்று எங்கேயாவது எழுதியிருக்கட்டுமே என்று இருந்தது.

ஜனவரி 20

காஜாக்காவுக்கு டைப் அடிக்கப் பொறுமை இல்லை. குரலில் பதிந்தே அனுப்பிவிட்டாள். வயசானவங்க, மாடி ஏற முடியாது, கீழ் ரூமாக் குடுங்க, பஸ் ஸ்டாண்டுக்கு ஜீப் வருமா என்று ஒரே மூச்சில். அது பதிவாகிக்கொண்டிருப்பது தெரியாமல் நான் வேறு, பக்கத்தில் நின்று, "டீ ஆறுது, வந்து குடிச்சிட்டுப் பேசேன்" என்று கத்தினேன்.

அதற்குப் பதில் உடனே வரவில்லை. கடை மூடும் நேரத்தில்தான் வந்தது. கீழ் ரூம் தருகிறோம், ஜீப் வரும்.

ஜனவரி 22

பயணத் திட்டம். மலையடிவாரம் வரை ரயில். அங்கிருந்து பஸ், முப்பத்தாறு வளைவு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஜீப்.

காஜாக்கா ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தாள். ஸ்வெட்டர், வாந்தி மாத்திரை, எலுமிச்சம்பழம், அட்டைப்பூச்சிக்கு உப்பு. அவள் வாழ்நாளில் மாடிப்படிக்கு மேல் ஏறினவள் இல்லை, மலையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாள். இப்போது மழை இல்லை, அட்டை வராது என்றேன். "அது உன்கிட்டச் சொல்லிட்டா வரும்?" என்றாள். உப்பும் எடுத்து வைத்தாயிற்று.

டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்தால் தலை சுற்றாது. இது அவர் சொன்னது. இவ்வளவு வருடம் பஸ் ஓட்டினார், மலை ரூட் மட்டும் வாங்கிக்கொள்ளவே இல்லை.

ஜனவரி 27

எழுதிவிடுகிறேன். எழுதாமல் போனால் அங்கே போய் வாய் அடைத்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள். அவருக்கு நல்ல நினைவு இருந்தது. "அவளுக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். சரி என்று ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தேன்.

அவர் எதற்குமே முதலில் வேண்டாம் என்பார். சர்க்கரை இல்லாத டீதான் அவருக்கு; வேண்டுமா, வேண்டாம். இன்னொரு தோசை, வேண்டாம். புதுச் சட்டை தைக்கட்டுமா, வேண்டவே வேண்டாம். இரண்டாம் தடவை கேட்டால் "சரி, வை" என்பார். இது தெரிந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டே குடித்தனம் நடத்தினவள் நான். டீக்கு இரண்டு தடவை கேட்டேன். பெற்ற பெண்ணுக்கு ஒரு தடவைதான் கேட்டேன்.

ஏன் கேட்கவில்லை? கோபமா? அவள் மேலா, அவர் மேலா? அசதியா? அடுத்த நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேனா? தெரியவில்லை. அடுத்த நாள் அவருக்குப் பேச்சு இல்லை.

பிப்ரவரி 2

ரூம்காரர்களிடமிருந்து தினமும் ஏதாவது மெசேஜ். காஜாக்கா படித்துக் காட்டுகிறாள். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறோம். டீக்குச் சர்க்கரை தனியாக வைப்போம். தாழ்வான நாற்காலி என்றால் எழுந்திருக்கக் கஷ்டம், உயரமாக ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறோம்.

"பாத்தியா, என்னமா கவனிக்கறாங்க" என்கிறாள் காஜாக்கா.

என் மகள் வருகிறவர்களை இப்படிக் கவனிக்கிறாள் என்று பெருமையாகத்தான் இருந்தது. யாரோ முன்பின் தெரியாத கிழவன் கிழவிக்கு நாற்காலி செய்கிறாளே என்று கொஞ்சம் வயிறும் எரிந்தது.

பிப்ரவரி 5

என்ன சொல்வது என்று மெஷினில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். "அப்பா போயிட்டாரும்மா." "அப்பா இப்ப இல்லம்மா." ஒரு டிராயரின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். பிரித்து மறுபடி தைத்தேன்.

பிப்ரவரி 8

நாளை காலை ரயில். கடிதத்தின் மடிப்புகளுக்குப் பின்னால் டேப் ஒட்டிப் பையில் வைத்தேன்.

பிப்ரவரி 10, காலை

நேற்று நடந்ததை நேற்று எழுத முடியவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கியபோது ஜீப் நின்றது. ஓட்டி வந்தவர் மாப்பிள்ளை. அந்த வார்த்தையை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒல்லியான ஆள், முன்னந்தலையில் முடி கொட்டியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டார். ஜீப்பின் பின்கதவுக்குக் கீழே மரத்தில் ஒரு சின்னப் படி போட்டு வைத்திருந்தார், கால் வைத்து ஏறுவதற்கு. புதுப் படி, ரம்பம் போட்ட இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது. எனக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் இறங்கி, பஸ் கிளம்பிப் போயிற்று.

"அவங்க...?" என்றார்.

"நான் மட்டும்தான்" என்றேன்.

அவர் படியைத் தூக்கி உள்ளே வைத்தார். வழியெல்லாம் இரண்டு பக்கமும் தேயிலை. அவர் தலையை இப்படி அப்படித் திருப்பவில்லை. அப்போதுதான் எனக்கு உறைக்க ஆரம்பித்தது. நாற்காலி, கம்பி, சர்க்கரை. யாரோ கிழவன் கிழவிக்கு இல்லை, எங்களுக்கு.

மகள் கேட்டில் நின்றாள். பூசினாற்போல் ஆகியிருக்கிறாள். என்னைத் தாண்டி ஜீப்புக்குள் பார்த்தாள். முன் சீட்டைப் பார்த்தாள், மறுபடியும் பின்னால் குனிந்து பார்த்தாள்.

"அப்பா எங்கம்மா?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"ரெண்டு பேர்னுதானே போட்டிருந்தே."

அதற்கப்புறம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "எப்போ?" என்றாள். ஆகஸ்டில் என்றேன். "எந்த ஆகஸ்ட்?" என்றாள். போன ஆகஸ்ட் என்றதும் விரலை மடக்கி எண்ணினாள், சின்ன வயதில் எண்ணுவாளே அப்படியே. எண்ணி முடித்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கீழ் ரூமில் மாப்பிள்ளை பையைக் கொண்டுவந்து வைத்தார். அந்த வாய்ஸ் மெசேஜ் வந்த அன்றே தெரியும் என்றார். "டீ ஆறுது" என்ற இடத்தை அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாளாம். அப்பாவும் வருகிறார் என்று அவரிடம் சொன்னாளாம். ஜன்னலோரம் உயரமான நாற்காலி. கட்டிலுக்குக் கீழே இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு. ஒன்று ஒன்பதாம் நம்பர், அவர் அளவு.

நான் என்ன காரியம் செய்துவிட்டேன். சாவைச் சொல்ல வந்தவள் அதற்கு முன்னால் மூன்று வாரம் அவரை அவளுக்கு உயிரோடு காட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 10, மாலை

மதியம் வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். கடிதத்தைக் கொடுத்தேன். கிழிசலையும் டேப்பையும் தடவிப் பார்த்தாள். படிக்கவில்லை.

"கடைசில என்னைக் கேட்டாரா?"

கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் போதும், இந்த ரெண்டு பேர் பொய்யே போதும் என்று தோன்றியது. நடந்ததைச் சொன்னேன். சொல்லட்டுமா என்றேன், வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்.

கையிலிருந்த கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"அவர் முதல்ல வேண்டாம்னுதானே சொல்வாரு" என்றாள். "உனக்குத் தெரியாதாம்மா?"

தெரியும் என்றேன். அதுதான் இங்கே வந்து நிற்கிறேன் என்றேன். அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அழுதேன். அவர் போனபோதுகூட இப்படி அழவில்லை.

பிப்ரவரி 11

ரூம் போட்டது இரண்டு நாளுக்கு. பதினொரு மணிக்குக் காலி செய்ய வேண்டும், கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அவள் கையெழுத்து.

பத்தரைக்குப் பையைக் கட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். ஜீப் ரெடியா இருக்கு."

திரும்பி ரூமுக்கு வந்தேன். பையைத் தோளில் மாட்டினேன். மாட்டிய பையோடு அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பையைக் கழற்றிக் கட்டில் மேல் வைத்தேன். மறுபடி சமையலறைக்குப் போனேன்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேனே" என்றேன்.

தேய்க்கிற கை நின்றது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பாமலே சொன்னாள்: "ரூம்ல கர்ட்டன் எல்லாம் நீளம். தரையில இழுபடுது. யாரும் சரியாத் தைக்கல."

பிப்ரவரி 13

மெஷின் இல்லை, கையால்தான் மடித்துத் தைக்கிறேன். மூன்று ரூம், ஆறு ஜன்னல். ஒரு நாளில் முடிக்கிற வேலை. இரண்டு நாளில் ஒன்றை முடித்திருக்கிறேன். அவளும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. நான் வர நாளாகும் என்று காஜாக்காவுக்கு மெசேஜ் போடும்படி மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

மகள் என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசுவாளோ மாட்டாளோ. மத்தியானம் டீ கொண்டுவந்தாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, சர்க்கரை இல்லாமல் ஒன்று. மூன்றாவதை நாற்காலிக்குப் பக்கத்தில் ஜன்னல் திட்டில் வைத்தாள். வைத்த பிறகுதான் பார்த்தாள்.

எடுக்கப் போனவளை "இருக்கட்டும்" என்றேன். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கர்ட்டனின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.