வெளித்தாழ்ப்பாள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் ஐந்து கோழிகளும் நலம். போன வாரம் வரை ஏழு கோழிகள் நலமாக இருந்தன. அத்தானின் முழங்கால் வலி தேவலையா?

ஆமாம், கோழி வளர்க்கிறேன். ஆபீசில் எனக்குக் கீழே வேலை பார்க்க ஆளே இல்லை என்ற குறை இப்படியாவது தீரட்டும். கொல்லையில் கூடு கட்டியதும் நானேதான். எல்லாம் வீட்டில் கிடந்த பழைய சாமான். உடைந்த கட்டிலின் கால்கள்தான் தூண்கள். எதிர்வீட்டுக்காரர் கழற்றிப் போட்ட தகரம் கூரை. கூடு கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. என் வீட்டுக்காரி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "கோழிங்களுக்கு ஹெல்மெட் எப்ப வாங்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

கதவுக்கு அப்பா அறைக் கதவைக் கழற்றிப் பாதியாக அறுத்து மாட்டினேன். இரவல் தந்த இழைப்புளியைத் திருப்பி வாங்க வந்த தச்சர் அதைத் தடவிப் பார்த்து, "வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வச்ச கதவு எங்க சார் புடிச்சீங்க? கோழிக்கூட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று பாராட்டினார். வாயில் கவ்வியிருந்த ஆணியை நான் விழுங்காதது அதிர்ஷ்டம்.

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. கடைசி வருஷம் அப்பா ஆபீசுக்குக் கிளம்புகிறேன் என்று போய் நடுரோட்டில் நின்றார், இரண்டு தடவை. அதற்குப் பிறகு நான்தான் வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. உள்ளேயிருந்து மூன்று தரம் தட்டி, "உள்ள வரலாமா சார்?" என்பார். நானும் பெரிய அதிகாரி மாதிரி, "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்பேன். பண்ணுவார். இதைச் சொல்லி ஆபீசில் எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன் தெரியுமா?

இப்போது விடிந்ததும் கோழிகள் உள்ளேயிருந்து அந்தக் கதவைக் கொத்துகின்றன. மூன்று கொத்து, பிறகு சத்தமில்லை. கோழிக்கு எண்ணத் தெரியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சாயங்காலம் தாழ்ப்பாள் போடக் கை வருவதில்லை. சும்மா சாத்திவிட்டு வந்துவிடுகிறேன். பூனைக்கு அது போதும், இரண்டு கோழிகள் போய்விட்டன. "நீங்க தள்ளுங்க, நான் போடறேன்" என்று வந்தவளின் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் என்று கேட்டாள். பல்லை இளித்தேன்.

அக்கா, அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று உனக்குப் போனில் சொன்னேன். அன்று தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த இவளுக்கும் அதைத்தான் சொன்னேன். அன்று காலையிலும் அவர் தட்டினார். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். வெயிட் பண்ணச் சொன்னேன். பிறகு பேப்பர் வந்தது. வரி விளம்பரம் வரை படித்தேன். திறந்தபோது, நாற்காலியைக் கதவுக்கு நேரே போட்டு, சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டுப் பார்த்தேன்.

வேறு யாரிடமும் சொல்லவில்லை. நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது, பக்கம் பக்கமாக எழுது. "பரவாயில்லடா" என்று மட்டும் எழுதிவிடாதே, அக்கா.

இப்படிக்கு,
உன் தம்பி