பச்சைக் காரின் டொக் டொக்

மார்ச் 3, செவ்வாய்

ஓடிவிட்டது. மாலை ஆறேகால் மணிக்குப் பச்சைக் கார் ஓடிவிட்டது. பதினான்கு வருஷம் ஒரு பல் டாக்டர் வீட்டுத் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த வண்டி. நான் வாங்கியபின் இரண்டு வருஷமாக என் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தின்ற வண்டி. பிரேக், வயரிங், ரேடியேட்டர் எல்லாம் முடித்து இன்றைக்குத்தான் சாவியைத் திருப்பினேன். நான்கு முறை இருமியது. ஐந்தாவது முறை பிடித்துக்கொண்டது. கொட்டகையின் தகரக் கூரையே அதிர்ந்தது.

நாற்பது விநாடிதான். பிறகு அந்தச் சத்தம் வந்தது. டொக், டொக், டொக். இன்ஜினுக்கு உள்ளேயிருந்து, சீராக. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் வேகமாகத் தட்டுகிறது. பயந்துபோய் அணைத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் முதலில் கேட்டது கொட்டகையைப் பற்றி. கொட்டகைக்காரர் அங்கே கடை கட்டப்போகிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அதற்குள் வண்டி தன் காலில் வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரரின் லாரியில் போகும். எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் இன்று ஓடியது. அதை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 4, புதன்

அச்சகத்தில் மடிப்பு இயந்திரம்கூட டொக் டொக் என்றே கேட்டது. பைண்டிங் பிரிவுக்கே மேற்பார்வை நான். என் கண் முன்னாலேயே ஒரு கட்டுப் புத்தகத்துக்கு அட்டை தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கிறது.

மார்ச் 7, சனி

மெக்கானிக் வந்தார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘இறக்கிடலாம்’. எதைக் காட்டினாலும் இன்ஜினை இறக்கிடலாம் என்பார். ஹாரன் அடிக்காவிட்டாலும் அதையேதான் சொல்வார் போலிருக்கிறது.

பத்து விநாடி கேட்டார். “கீழே கிராங்க் பேரிங் போச்சுக்கா. இறக்கிடலாம். ரெண்டு மாசம் ஆகும்.” எனக்கு இருப்பது இருபத்து நான்கு நாள்.

அப்போதுதான் நாத்தனார் வந்தாள். வீட்டில் மறந்து வைத்த என் போனைக் கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றாள். நான்கு மாதத்துக்கு முன் இரண்டு பையோடு கணவர் வீட்டிலிருந்து வந்தவள். என்ன நடந்தது என்று எங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். கணவர்தான் வேலையை விட வைத்தார். இங்கே வந்ததிலிருந்து அறையைவிட்டு வெளியே வருவதே அபூர்வம்.

“அண்ணி, சத்தம் அவ்வளவு கீழே இருந்து வரலையே” என்றாள்.

இறக்கிடலாம் சிரித்தார். உடனே அவள் முகம் சுருங்கிவிட்டது. தனக்கு அப்படிக் கேட்டது, பிரமையாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிரமையா? பத்து வருஷம் வார்டில் நாடி பார்த்தவளுக்கா?

மார்ச் 8, ஞாயிறு

காலையில் நானே போய் அவள் கதவைத் தட்டினேன். உன் ஸ்டெதாஸ்கோப் இருக்கிறதா என்று கேட்டேன். பைக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

முதலில் பிளக் சோதனை. பழைய கையேட்டில் படித்தது: இன்ஜின் ஓடும்போது ஒரு சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றினால் அதில் வெடிப்பு நின்றுவிடும். அதன் பேரிங் மேல் பாரம் குறையும். பேரிங் கெட்டிருந்தால் சத்தமும் அமுங்க வேண்டும். முதல் சிலிண்டர், மாற்றமில்லை. இரண்டு, இல்லை. மூன்று, இல்லை. நான்காவதைக் கழற்றும்போது மூச்சையே அடக்கிக்கொண்டேன். அதிலும் இல்லை. வயரை நான் கழற்ற, அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

பிறகு ஸ்டெதாஸ்கோப்பின் தலையைக் கழற்றிவிட்டு, குழாயில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி இடம் இடமாக வைத்துப் பார்த்தாள். அடியில் உள்ள ஆயில் தொட்டியில் வைத்தால் சத்தம் மெலிசு. பக்கவாட்டில், பாதி உயரத்தில் வைத்தபோது சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவ்வளவு பலம். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டோம்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இருப்பது அடியில். வட்டம் இருப்பது மேலே. இறக்கிடலாம் சொன்னது தப்பாக இருக்கலாம். இருக்கலாம்தான். ஆனாலும் மதியம் இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டேன்.

மார்ச் 11, புதன்

எல்லாம் போச்சு. வேலைக்குப் போகுமுன் ஆயிலை வடித்தேன். வெயிலில் பார்த்தால் உள்ளே மினுமினு என்று பொடி. உலோகப் பொடி. பேரிங் தேய்ந்தால் இப்படித்தான் வரும் என்று கையேட்டில் படம் போட்டே காட்டியிருக்கிறான். ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் இதுக்குத்தானா? நான் என்ன பெரிய இன்ஜினியரா? பேசாம அந்தாள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் மருந்துக்கடையிலிருந்து வந்ததும் என் முகத்தைப் பார்த்து, தலைவலி மாத்திரை வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 12, வியாழன்

இல்லை. போகவில்லை.

நாத்தனார் நேற்று சாயங்காலம் அந்த ஆயில் சட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் என்னிடம் கேட்ட கேள்வி: பேரிங் எந்த உலோகம்? மேலே பூசியிருப்பது ஈயம், வெள்ளீயம், செம்பு மாதிரியான மெது உலோகம் என்றேன். அது காந்தத்தில் ஒட்டுமா? ஒட்டாது என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் பிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டிக்குள் விட்டாள். பொடி முழுக்க மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

இரும்பு. தேய்வது பேரிங் அல்ல, ஏதோ ஒரு இரும்புத் துண்டு. அச்சகத்துக்கு அரை மணி தாமதம். முதலாளி கேட்டதற்கு, வீட்டில் ஒரு டெஸ்ட் ரிசல்ட் வந்தது என்றேன். பொய்யில்லையே.

மார்ச் 14, சனி

புது ஆயில் ஊற்றினோம். டைமிங் லைட் இரவல் வாங்கினோம், அதுவும் இறக்கிடலாமிடமே. முதல் பிளக் வயரில் அதன் கவ்வியை மாட்டினால், இன்ஜின் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு தடவை மின்னும். மின்னலும் சத்தமும் சேர்ந்து வரும்படி போனில் வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு மின்னல், ஒரு டொக். ஒரு மின்னல், ஒரு டொக். அப்படியானால் இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டல். இன்ஜினின் அந்தப் பாதி வேகத்தில் சுற்றுவது கேம் ஷாப்ட், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. அதுவும் சாக்பீஸ் வட்டத்துக்கு நேராகத்தான் போகிறது.

நான் குதிக்காத குறை. அவளும் சிரித்தாள். பிறகு, எதையோ கீழே இறக்கி வைக்கிற மாதிரி, தானாகவே பேசினாள். அந்த வீட்டில் அவள் கணவர் அடுத்த அறையில் ஒரு பெண்ணோடு போனில் பேசுவது பல நாள் கேட்டிருக்கிறது. கேட்டால், நான் எங்கே பேசினேன், உனக்கு இல்லாத சத்தமெல்லாம் கேட்கிறது, டாக்டரிடம் காட்டு என்பாராம். மாமியாரும் அதையே சொன்னாராம். கடைசியில் இவளே டாக்டரிடம் நேரம் வாங்கப் போயிருக்கிறாள்.

வீடியோவை மறுபடி ஓடவிட்டு, இதில் எனக்கும் கேட்கிறது என்றேன். அசட்டுத்தனமான பதில். ஆனால் அவள் தலையாட்டினாள்.

மார்ச் 15, ஞாயிறு

வால்வு இடைவெளி கூடினாலும் இப்படித் தட்டும் என்று எட்டையும் சரிசெய்தோம். சத்தம் அப்படியே. இருந்தாலும் மனம் விழவில்லை. சந்தேகப் பட்டியலில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 17, செவ்வாய்

மாப்பிள்ளை, நாத்தனாரின் கணவர்தான், போன் செய்தாராம். ஞாயிறன்று வந்து அழைத்துப் போகிறாராம். வீட்டுக்காரர் தங்கையிடம் இதைச் சொல்லிவிட்டு, எது செய்தாலும் உன் இஷ்டம் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் இஷ்டம் என்ற வார்த்தையைச் சொல்லும்போது சுவரைப் பார்த்தார்.

அவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். கதவு பழையபடி சாத்தியிருக்கிறது.

மார்ச் 21, சனி

கண்டுபிடித்துவிட்டோம். கண்டுபிடித்துவிட்டோம். பொறுமையாக எழுதுகிறேன்.

காலையில் அவள் கொட்டகைக்கு வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றாள். அந்தத் தண்டு வால்வைத் தவிர வேறு எதை ஓட்டுகிறது என்று கேட்டாள். பிளக்குகளுக்குக் கரண்ட் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை, அப்புறம் பெட்ரோல் பம்பை என்றேன். சொல்லிக்கொண்டே வட்டத்தைப் பார்த்தேன். வட்டத்துக்கு நான்கு விரற்கடை தள்ளி, இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது பம்ப். பெட்ரோல் ஒழுங்காக வருகிறதே என்று அதை நாங்கள் இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்ஜினை ஓடவிட்டுப் பம்பின் மேல் விரலை வைத்தேன். விரலில் தட்டியது. அவள் கையைப் பிடித்து வைத்தேன். “இதுதான் அண்ணி” என்றாள், மெதுவாக.

ஆனால் நிரூபிக்க வேண்டாமா? பம்பைக் கழற்றினோம். அந்த ஓட்டையை மூட ஒரு தகரம் வெட்டி, அதற்குக் கீழே ஆயில் கசியாதிருக்கப் புத்தக அட்டையில் கேஸ்கட் வெட்டிக் கொடுத்தேன். பத்தொன்பது வருஷம் அட்டை வெட்டிய கை. பெட்ரோலை ஒரு குப்பியில் ஊற்றி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, குழாயைக் கார்புரேட்டரில் மாட்டினோம். வீட்டுக்காரர் வாளி நிறைய மணலோடு வாசலில் நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் தனிமரமாக்கிவிடாதீர்கள் என்றார்.

சாவியைத் திருப்பினேன்.

சத்தமில்லை. இன்ஜின் மட்டும், வெண்ணெய் மாதிரி. வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். டொக் எங்குமில்லை. வீட்டுக்காரர் மணல் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஓடுகிறதா இல்லையா என்று கேட்டார். அவ்வளவு அமைதி.

பம்பைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே நெம்புகோலைத் தண்டோடு சேர்த்து அழுத்தும் சின்ன ஸ்பிரிங் இரண்டாக முறிந்திருக்கிறது. பிடிமானம் இல்லாத நெம்புகோல், தண்டு சுற்றும்போதெல்லாம் அடித்து அடித்து முனை பளபளவென்று தேய்ந்திருக்கிறது. ஆயிலில் மினுங்கியது அதுதான். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஸ்பிரிங்.

இறக்கிடலாமுக்குப் போன் செய்தேன். எந்த ஸ்பிரிங் என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, தன்னிடம் அதே மாதிரிப் பழைய பம்ப் ஒன்று இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறேன், அந்த நர்ஸம்மா எப்படிப் பார்த்தாங்கன்னு எனக்கும் காட்டணும் என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

மாப்பிள்ளை பதினோரு மணிக்கு வந்தார். பழக்கூடையோடு. நடுக்கூடத்தில் உட்கார்ந்து பதமாகத்தான் பேசினார். நடந்தது நடந்துவிட்டது, இவளுக்குத் தூக்கம் சரியில்லாமல் மனம் அலைகிறது, நல்ல டாக்டராகப் பார்த்து வைத்திருக்கிறேன் என்றார். வீட்டுக்காரரும் ஆமாம் என்பது போல ஏதோ முனகினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாத்தனார் அறையிலிருந்து வந்தாள். விரல் நகங்களில் இன்னும் கிரீஸ் கறுப்பு.

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. அன்னைக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு. நான் வரலை.”

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே மைத்துனரைப் பார்த்தார். இந்தத் தடவை வீட்டுக்காரர் சுவரைப் பார்க்கவில்லை. எழுந்து போய்ப் பழக்கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அவர் போனபின் வீட்டுக்காரர் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு அவள், பழத்தையாவது வாங்கி வைத்திருக்கலாம் அண்ணா என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மார்ச் 25, புதன்

மாற்றுப் பம்ப் மாட்டியாயிற்று. இறக்கிடலாம் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தார், பெரிய டாக்டர் மாதிரி.

மார்ச் 30, திங்கள்

லீவு போட்டேன். கொட்டகையிலிருந்து பச்சைக் கார் தன் காலில் வெளியே வந்தது. நேரே போனது இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஊருக்கு. அங்கே ஆஸ்பத்திரியில் நாத்தனாருக்கு வேலை. ஒன்றாம் தேதி சேர வேண்டும். விண்ணப்பம் போட்டதைப் போன வாரம்தான் சொன்னாள். நர்ஸ் குவார்ட்டர்ஸில் அறை, அறைக்கு வெளியே கூரையோடு வண்டி நிறுத்த இடம். எங்கள் வீட்டில் அந்த இடம் இல்லை.

போகும்போது நான் ஓட்டினேன். ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு பேரும் வாயே திறக்காமல் இன்ஜினைக் கேட்டுக்கொண்டே போனோம். இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று யோசித்தால் வருஷம் ஞாபகம் வரவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே கார் ஓட்டப் பழகியவள்தான்; சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பினேன். பஸ்ஸில் மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்தது.

ஏப்ரல் 26, ஞாயிறு

முதல் தடவையாக அவளைப் பார்க்கப் போனேன். சனிக்கிழமையே கருவிப் பெட்டியை எடுத்து வைத்தாகிவிட்டது. ரேடியேட்டர் குழாயில் தண்ணீர் கசிகிறது என்று போனில் சொல்லியிருந்தாள். வந்து பார்க்கிறேன், எதையும் தொடாதே என்று சொல்லி வைத்திருந்தேன்.

போய்ப் பார்த்தால் குழாய் புதிதாக இருந்தது. கவ்வி சரியான இடத்தில், சரியான இறுக்கத்தில். கையால் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரமில்லை. பழைய குழாயைக் கொண்டுபோய்க் காட்டி, அதே அளவில் வாங்கி, டியூட்டி முடிந்து வந்து தானே மாட்டியிருக்கிறாள்.

“நீங்க வர வரைக்கும் பொறுக்க முடியலை அண்ணி.”

கருவிப் பெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் கோபம்கூட வந்தது என்றுதான் நினைக்கிறேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கிப் பின் சீட்டில் வைத்தாள். ஒரு சுற்றுப் போய் வரலாமா, நீங்கள் ஓட்டுகிறீர்களா என்று கேட்டாள், வீட்டுக்கு வந்தவர்களைக் கேட்கிற மாதிரி.

நீயே ஓட்டு என்று சொல்லிவிட்டு, பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டேன்.