சினேலோ கபோனுக்குப் போகிறாள்

உமுவெகே அகதி முகாம்
அக்டோபர் 1968

கர்த்தருக்குள் அருமையான மகள் உலோமாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் ஊரில் நல்ல சுகத்தோடு இருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். இங்கே யாவரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை, உயிரோடு இருக்கிறோம், அதை மட்டும் எழுதுகிறேன். அபா பட்டணம் எதிரிப் பட்டாளத்திடம் விழுந்துவிட்டது என்று லிவர்பூல் ரேடியோவிலேயே கேட்டிருப்பாய். என் துணிக்கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தேன், அந்தச் சாவி இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது, எந்தப் பூட்டுக்கு என்று உன் அப்பா கேலி செய்கிறார். நம் அமாவோம் கிராமமும் அந்தப் பட்டாளத்தின் கையில்தான். நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பு அறையில் எட்டுக் குடும்பத்தோடு கிடக்கிறோம், கரும்பலகைக்குக் கீழே எங்கள் பாய். அப்பா நன்றாக இருக்கிறார், அதாவது விடாமல் பிரசங்கம் பண்ணுகிறார். உபதேசியார் உத்தியோகத்துக்கு ஆலயம் வேண்டாம், கேட்பதற்கு நாலு பேர் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

நீ சிரிக்க ஒன்று சொல்கிறேன். ஆர்.சி.காரர்கள் வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்காத உன் அப்பா, இப்போது ஃபாதர் டோலனின் லாரி வந்தால் மணி அடித்து ஊரைக் கூட்டுகிறவர். ஃபாதர் அயர்லாந்துக்காரர், ஆனால் நம் பாஷையில் என்னைவிட நன்றாகத் திட்டுவார். அவர்கள் சபை ஒரு பக்கம், நம் மிஷன் ஒரு பக்கம், இரண்டு பேரும் விமானம் பிடித்து நார்வேக் கருவாடும் பால்பவுடரும் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பெண்கள் இரண்டு வரிசையிலும் நிற்கிறோம், அங்கே நிற்கும்போது சிலுவை போட்டுக்கொள்வது, இங்கே வந்ததும் கையைக் கட்டிக்கொள்வது. பக்கத்துப் பாய் வெரோனிக்கா பிறவி ஆர்.சி., அவள் என்னைப் பார்த்து, உபதேசியார் சம்சாரமே, சிலுவையை இடதும் வலதும் மாத்திப் போடுறியே, ஆண்டவருக்கே தலை சுத்தும் என்றாள். நான், ஆண்டவர் பார்க்கட்டும், கரண்டி பிடிக்கிறவன் பார்க்காமல் இருந்தால் சரி என்றேன். அன்றைக்குத்தான் இங்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தோம்.

அந்த வெள்ளைக்காரர்களை நான் குறைசொல்ல மாட்டேன் உலோமா, அவர்கள் கொண்டுவந்ததைத்தான் தின்கிறோம். ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. உங்கள் தெரு ஆலயத்தில் பயாஃப்ராப் பிள்ளைகளுக்கென்று காணிக்கை எடுத்தார்கள், எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன் என்று எழுதியிருந்தாய். அதே ஊர் அரசாங்கம்தான் நம்மேல் போடுகிறதற்குக் குண்டும் அனுப்புகிறது. பிள்ளைகளுக்குக் கால் வீங்கி முடி செம்பட்டையாகிறதே, அந்த நோய்க்கு உங்கள் ஊர்ப் பிரதமர் பெயரையே வைத்துவிட்டார்கள் இங்கே. அப்பா இதையெல்லாம் பேசவிட மாட்டார். நாலு நாடு நம்மைத் தனி நாடு என்று ஒத்துக்கொண்டாயிற்று, அஞ்சாவது வரும், ஆறாவது வரும், கர்த்தர் தொடங்கினதை முடிப்பார் என்பார். அவருக்கு இந்த நாடு வேதத்தில் எழுதியிருக்கிற மாதிரிதான். எனக்கும் ஆசை இல்லாமலா, வடக்கில் நடந்த வெட்டுக்குத்துக்குத் தப்பி ரயிலில் நம் ஜனங்கள் வந்து இறங்கின கோலத்தை நானும் பார்த்தேனே. நமக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று அழுதவள்தான் நானும்.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன், சுற்றிச் சுற்றி எழுதுகிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். உன் தங்கை சினேலோவுக்கு அந்த நோய் வந்துவிட்டது. நீ கப்பல் ஏறின பிறகு பிறந்தவள், நீ கண்ணால் பார்க்காத பிள்ளை, நாலு வயது. வாய் ஓயாமல் பேசினவள் இப்போது ஈ உட்கார்ந்தால்கூட ஓட்டுவதில்லை. கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. விமானங்கள் வரும்போது கருவாடு, திரும்பும்போது பிள்ளைகள். கபோனில் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார்கள், தேற்றி, சண்டை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவருவோம் என்றார் ஃபாதர். போன தடவை கேட்டபோது முடியாது என்றுவிட்டேன். என் வயிற்றில் பிறந்ததை யாரோ முகம் தெரியாதவர்களிடம் கொடுத்துவிட்டு நான் இங்கே கருவாடு தின்பதா? வெரோனிக்காவும் அப்படியேதான் சொல்லித் தன் மகனைப் பிடித்து வைத்துக்கொண்டாள். போன வாரம் அவன் அவள் மடியிலேயே போய்விட்டான். அடக்கம் பண்ணிவிட்டு வந்து, கையில் மண்ணோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பிடிச்சு வச்சேன், இப்ப எங்க இருக்கான் பார், நீயாவது விடுடி, எங்கேயோ இருக்குதுன்னு நெனச்சு அழலாம் என்றாள். அன்றைக்கே ஃபாதரிடம் போய்ச் சரி என்றேன். இன்று பொழுது சாயும்போது லாரி வருகிறது.

காலையில் ஃபாதர் சபையின் சிஸ்டர் ஒருத்தி வந்து சினேலோவின் கையில் ஒரு சீட்டைக் கட்டிவிட்டுப் போனாள். பெயர் சினேலோ ஒகெரேகே, நாடு பயாஃப்ரா, அவ்வளவுதான். அப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்தார், நம்ம நாட்டுப் பேரைப் போட்டுக்கிட்டு முதல்ல வெளிநாடு போறவள் என் பொண்ணு என்றார், கண்ணெல்லாம் தண்ணீர். ஏங்க, நாளைக்கு இந்தப் பேர்ல ஒரு நாடு இல்லேன்னா இவளை எங்கே கொண்டுவந்து இறக்குவாங்க என்று கேட்டுவிட்டேன். உலோமா அம்மா, வாயைக் கழுவு, கபோன் நம்மை ஒத்துக்கிட்ட நாடு, அங்கே இந்தப் பேர் செல்லும் என்று கத்தினார், எட்டுக் குடும்பமும் திரும்பிப் பார்த்தது. நானும் விடவில்லை, நம்ம ஊரே இன்னைக்கு இந்தச் சீட்டுல எழுதியிருக்கிற நாட்டுக்குள்ள இல்லையே என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவரை நோகடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அவர் அந்தப் பெயருக்காகத்தான் பசியைப் பொறுத்துக்கொண்டு நிற்கிறார். ரொம்ப நேரம் கழித்து வந்து, சீட்டைத் திருப்பி அதன் முதுகில் அமாவோம், உபதேசியார் ஒகெரேகே வீடு என்று பொடி எழுத்தில் எழுதினார்.

ஆனாலும் சீட்டு நனையும், அறுந்துபோகும், இவள் இப்போதே அதைப் பிடித்து இழுக்கிறாள். அதனால் மத்தியானத்திலிருந்து மடியில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொடுக்கிறேன். நம் ஊரில் ஆளை விசாரிக்கிறவன் முதலில் என்ன கேட்பான், உன் தொப்புள்கொடி எங்கே புதைத்திருக்கிறது என்றுதானே. அதைத்தான். முதலில் மரம் என்று மட்டும் சொன்னாள். பிறகு உக்வா மரம் என்றாள். கண்ணை மூடிவிட்டாள், தூங்கிவிட்டாளோ என்று பயந்து உலுக்கினேன், மூடின கண்ணோடேயே முழுதாகச் சொன்னாள். இப்போது இதை எழுதுகிற என் முழங்கையில் தலையை வைத்துப் படுத்திருக்கிறாள், எழுத்துக் கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இந்தக் கடிதத்தை ஃபாதர் டோலன் அதே விமானத்தில் கொண்டுபோய்த் தபாலில் போடுகிறேன் என்றிருக்கிறார். இது கிடைத்த அன்றைக்கே போய் உங்கள் ஆலயத்துப் போதகர் ஐயரைப் பார், ஆர்.சி. சாமியாரையும் பார், ஃபாதருக்கு விமானம் விடுகிற கரித்தாஸ்காரர்களுக்கு எழுது, கபோனில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டே இரு, வெட்கப்படாதே, வாரா வாரம் எழுது. தேவையென்றால் சிலுவையும் போட்டுக்கொள். இருமலை அலட்சியம் பண்ணாதே, ராத்திரி டூட்டிக்குக் கம்பளி போட்டுக்கொண்டு போ, மாப்பிள்ளையோடு சின்னச் சின்னதற்கெல்லாம் முகம் தூக்காதே. கர்த்தர் உன்னைக் காப்பார், உன் போக்கையும் வரத்தையும் காப்பார், உன் தங்கையையும் காப்பார்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அவளைப் பார்க்கிற அன்று பேர் என்ன என்று கேட்காதே, அந்நியரிடம் சொல்ல மாட்டாள். எந்த நாடு என்றும் கேட்காதே, அவள் குழந்தை, அதுவரை என்ன ஆகியிருக்குமோ யாருக்குத் தெரியும். நம் பாஷையில், உன் தொப்புள்கொடி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேள். அமாவோத்தில, மின்னல் விழுந்து பிளந்த உக்வா மரத்துக்கு அடியில, எங்க அக்கா உலோமா கொடிக்குப் பக்கத்துல என்று சொல்வாள். சொன்னதும், அந்த அக்கா நான்தான் என்று சொல்லு.

உன் அன்புள்ள அம்மா
எஸ்தர் ஒகெரேகே