ஃபஹத் சேற்றில் கை வைத்தான்

நீடாமங்கலம்

அன்பு மகள் செந்தாமரைக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், அங்க மெல்போர்ன்ல நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தினமும் விளக்கு ஏத்துறப்ப நினைச்சுக்கிறேன். ஆத்துல தண்ணி வந்துடுச்சு, நாத்து விட்டாச்சு, முழங்கால் வலின்னு சொல்லிக்கிட்டே அப்பா வரப்புலதான் நிக்கிறாங்க.

இதைப் போன்ல சொன்னா பாதியிலயே அழுதுடுவேன், அதான் எழுதுறேன். நம்ம அங்கன்வாடிக்கு வர்ற ஃபஹத், கடைத்தெரு சபிஹா மகன், மூணு வயசு, அவனைப் பத்தி உங்கிட்ட கேட்டேனே. மண்ணுல கால் வைக்க மாட்டான், கையில சொட்டு சாம்பார் பட்டாலும் துடிச்சு அழுவான், மத்த பிள்ளைங்க விளையாடுறப்ப கையை மடக்கிக்கிட்டுக் கதவோரமா நிப்பான். அவன் அத்தா குவைத்துல. எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க டீச்சர், நாளையிலேர்ந்து அனுப்பலைன்னு சபிஹா வந்து சொன்னப்ப, இன்னும் கொஞ்ச நாள் விடும்மான்னு கெஞ்சித்தான் நிறுத்தினேன்.

அப்புறம் நீ வேலை பாக்குற குழந்தைங்க காப்பகத்துல பிள்ளைங்களுக்குச் செய்யுறதா நீ சொன்னபடியே செஞ்சேன். நம்ம வீட்டுத் தாம்பாளம், அகலச் சட்டியெல்லாம் கொண்டுபோய் ஒண்ணுல உமி, ஒண்ணுல சலிச்ச ஆத்து மணல், ஒண்ணுல தண்ணியும் செம்பருத்திப் பூவும், இன்னொண்ணுல அப்பா கொண்டாந்த வயல் மண்ணைக் குழைச்சு வெச்சேன். தொடுன்னு சொல்லாதம்மா, நீ விளையாடு, அவன் பாக்கட்டும்னு சொன்னியே, அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அவன் கையைப் பிடிச்சு உள்ள வைக்கலாம்னு எத்தனையோ தடவை தோணுச்சு, அடக்கிக்கிட்டேன். முதல்ல உமியைக் கரண்டியால அள்ளினான். சில நாள் கழிச்சு பூவரசு இலையால சேத்தைத் தொட்டான், இலை கிழிஞ்சு விரல்ல பட்டுடுச்சு. அழப்போறான்னு துணியை எடுத்தேன். அவன் விரலை மோந்து பார்த்துட்டு மெதுவா என் கையில தடவினான், அப்புறம் ரெண்டு கையையும் உள்ள விட்டான். கூட்டிட்டுப் போக வந்த சபிஹா வாசல்லயே நின்னுட்டா. சட்டை பாழாப்போச்சேன்னு கோவிச்சுக்குவாளோன்னு பயந்தேன். அவ தரையில உக்காந்து தன் கையை நீட்டினா, அதுலயும் பூசினான். இதெல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுன்னு அவகிட்ட சொன்னேன். உங்க மகளுக்காக துவா செய்யுறேன் டீச்சர்னு சொல்லிட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

சாம்பாருக்கு இன்னும் அழுறான், சில நாள் கதவோரந்தான். ஆனா வர்றான். உன்னை அவ்வளவு தூரம் அனுப்பிட்டோமேன்னு நான் குமையாத நாள் இல்லை, இப்ப உன் படிப்பு நம்ம ஊர்ப் பிள்ளைக்கு வந்து சேர்ந்திருக்கு. உனக்கு நன்றி சொல்லணும், பெத்த பொண்ணுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை.

உன் கை பட்ட பிள்ளைங்க எல்லாம் நல்லா வரட்டும், நீயும் நிறைஞ்சு இரு. அங்க குளிராமே, காதை மூடிக்கிட்டுப் போ, காலையில வெறும் வயித்தோட ஓடாத.

உன் அம்மா
ராசம்மாள்