கல்வாழைத் தொட்டியும் உன் அப்பாவும்

கழக்கூட்டம்
8.8.2004, ஞாயிறு

என் அன்பு மக்களே ஜிபின்,

கர்த்தருடைய தயவால் இங்கே நானும் அப்பாவும் நீ விட்டுப்போன ஆறு மீனும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும், அதனால் சோம்பல் படாமல் எழுது. வியாழக்கிழமைதானே போனில் பேசினோம், பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது உன் அப்பா என் தோளை ஒட்டி நின்று பாதிக் காதை அவரும் வைத்துக்கொள்வார், இது அவர் கேட்கக் கூடாத சங்கதி. நான்காம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்கும், சிரிக்காமல் வாசி. உன் சித்தப்பா மகன் அபினுக்கு இங்கே கம்ப்யூட்டர் பார்க்கில் வேலை கிடைத்துவிட்டது. கழுத்தில் மாட்டின அட்டையைக் கழற்றாமலே மீன் வாங்கப் போகிறான், மீன்காரி அதைத் தூக்கிப் பார்த்து இது எந்தச் சபையின் மெம்பர் கார்டு என்று கேட்டாளாம். நீயும் அங்கே தூங்கும்போதாவது உன் அட்டையைக் கழற்றி வைக்கிறாயா என்னவோ.

சரி, குளத்துக்கு வருகிறேன். புறப்படுகிற அவசரத்தில் முற்றத்தில் குழி தோண்டி, சிமென்ட் பூசி, மீனையும் விட்டுவிட்டு நீ பிளேன் ஏறிவிட்டாய். அந்த மாதம்தான் அப்பா ரிட்டயர் ஆனார். முப்பது வருடம் பஸ் ஓட்டின கைக்கு ஓட்ட ஒன்றும் இல்லாமல் இருந்தது, குளத்தை ஓட்டத் தொடங்கினார். தண்ணீர் என்னவோ பசலைக்கீரை கடைந்த மாதிரிப் பச்சையாகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் நீ மஸ்கட்டில் ஓட்டல் தோட்டத்தில் பார்த்த வித்தையைப் படம் போட்டு அனுப்பினாய், குளத்துப் பக்கத்தில் ஒரு தொட்டி, தொட்டி நிறைய ஜல்லி, அதில் செடி. எட்டு வரி எழுதியிருந்தாய், எட்டும் மலையாளத்தில். உன் விரலைப் பிடித்து அ ஆ எழுத வைத்தது நான், குளத்துப் பாடம் மட்டும் அப்பாவுக்கு. அவர் வீட்டில் தமிழ் பேசுவாரே தவிரப் பள்ளியில் படித்தது மலையாளம், நான் மார்த்தாண்டத்தில் படித்த தமிழோடு இங்கே வாழ்க்கைப்பட்டவள், இருபத்தெட்டு வருடமாகப் பஸ் போர்டு எல்லாம் எனக்குப் பூக்கோலம்தான். காகிதத்தை அப்பா சோற்றுப் பருக்கை வைத்து அடுக்களைச் சுவரில் ஒட்டினார். நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே மீன் கழுவினேன்.

தொட்டியை அவரே கட்டினார், கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றதற்கு இரண்டு நாள் பேசவில்லை. குளத்தைவிட முழங்கால் உயரம் கூட, ஒரு ஆள் படுக்கிற நீளம். சுவர் கொஞ்சம் வளைவு, பஸ்காரர் கட்டின சுவர் திருப்பம் இல்லாமல் இருக்குமா என்று கேட்டேன், அதற்கும் ஒரு நாள் பேசவில்லை. புது சிமென்ட் மீனைக் கொல்லும் என்று நீ எழுதியிருந்தாயாம், பத்து நாள் தண்ணீர் கட்டி வாழைத்தண்டு நறுக்கிப் போட்டு ஊற வைத்துக் கொட்டினார். அடியில் ஓட்டை போட்ட பைப், அதன் மேல் கைமுட்டி அளவுக் கல், அதற்கு மேல் சின்ன ஜல்லி, மண் ஒரு பிடி கூடக் கிடையாது. வெறும் கல்லில் எது முளைக்கும் என்று நான் சிரித்தேன், கல்வாழையும் சேம்பும் கோரையும் நட்டார், மூன்றும் பிடித்துக்கொண்டன. குளத்தின் அடியில் கிடக்கிற சின்ன மோட்டார் தண்ணீரை அந்தப் பைப்பில் தள்ளுகிறது, அது கல்லுக்குள்ளே மெல்ல ஏறி, செடியின் வேரைத் தொட்டு, மறுபக்கத்து ஓடு வழியாகக் குளத்தில் விழுகிறது. காலையில் எழுந்ததும் ஜெபம் பண்ணுகிறாரோ இல்லையோ குளத்தங்கரையில் முட்டி போட்டு மோட்டார் சத்தத்தைக் கேட்டுவிடுவார். கியர் சரியாக விழுந்திருக்கிறதா என்று நான் கேட்பேன்.

ஆறு வாரத்தில் தெளியும் என்றாயாம். ஆறு போய்ப் பன்னிரண்டு வாரம் ஆயிற்று, பச்சை பச்சையாகவே நின்றது. பழுத்த இலையை உடனுக்குடன் வெட்டினார், அடியில் இருக்கிற மூடியைத் திறந்து சகதியை வெளியே விட்டார், மோட்டாரில் கட்டின வலையைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசினார், குழாய்த் தண்ணீரில் கூடாதாம். நீ எழுதின எதையும் விடவில்லை. வருகிற போகிறவர்கள் எல்லாம் உன் அப்பாவைப் பார்த்து, திரவியம் அண்ணாச்சி, கீரை போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்கள், நானும் சும்மா இருக்கவில்லை, பருப்பு வேகிறது இரண்டு கட்டு பறித்துத் தாருங்கள் என்றேன். முதலில் சிரித்தவர் பிறகு பிறகு சிரிக்கவில்லை. கொசுக் காய்ச்சல் பரவுகிறது என்று ஜூன் கடைசியில் சுகாதாரத் துறைப் பெண் சுசீலாபாய் வீடு வீடாக வந்தாள். குளத்தைப் பார்த்தாள். அடி காணணும் சேட்டா, இல்லெங்கில் மூடணும் என்றாள், குளத்தின் அடித்தரை தெரியாவிட்டால் மூடிவிட வேண்டுமாம், ஒரு மாதம் கழித்து வருவதாக நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்பா அவளுக்குத் தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். பின்னால் ஃப்ளாட் கட்டுகிற இடத்தில் செம்மண் லாரி நிற்கிறது, ஒரு லோடு இங்கே தட்டச் சொல்கிறேன், மீனைச் சபை வளவுத் தொட்டியில் விட்டுவிடலாம் என்றார். அந்தக் குரலை நான் அவர் ரிட்டயர் ஆகிச் சாவியை ஒப்படைத்து வந்த அன்று கேட்டதுதான்.

நான் சுசீலாபாய்க்கு அடுக்களையில் சாயா ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் இருந்த உன் காகிதத்தைச் சும்மா வாசித்தாள், எனக்காகத் தமிழாக்கிச் சொன்னாள். ஐந்தாவது வரி வந்தது. கல்லில் படிகிற வழுவழுப்புதான் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிறது, கல்லை ஒருபோதும் கழுவக் கூடாது. மக்களே, ஆற்றின சாயாவை அப்படியே கீழே வைத்தேன். நீ கண்டுபிடித்திருப்பாய், என் வயிற்றில் பிறந்தவன்தானே. அப்பா சனிக்கிழமை சபைக் கமிட்டிக்குப் போனதும் நான் என்ன செய்வேன் தெரியுமா, மேலே இருக்கிற ஜல்லியை எல்லாம் பெரிய சருவத்தில் வாரிப் போட்டு, சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்து, குழாயடியில் நாலு தண்ணீர் அலசி, முத்து மாதிரி ஆக்கித் திரும்பப் பரப்பி வைப்பேன். பன்னிரண்டு சனிக்கிழமை. நத்தை ஊர்ந்த மாதிரி வழுவழுவென்று கிடந்தால் ஞாயிற்றுக்கிழமை வருகிற சபைப் பெண்கள் ரோஸ் வீட்டு முற்றம் அழுக்கு என்று சொல்ல மாட்டார்களா. பாவம், மனிதருக்கு உதவி செய்கிறேன் என்றுதான் இடுப்பு ஒடியத் தேய்த்தேன். அவர் கட்டக் கட்ட நான் பின்னாலேயே அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறேன், கீரை என்று கேலியும் பண்ணியிருக்கிறேன்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. லாரியை இன்னும் ஒரு மாதம் நிறுத்துங்கள், சுசீலாபாயே நாள் தந்திருக்கிறாளே என்று மட்டும் சொன்னேன். எளா ரோசே, நீயா சொல்லுதே என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதோடு நான் கல்லைத் தொடவில்லை. சனிக்கிழமை வந்தால் கை அரிக்கும், அந்த நேரம் வீட்டில் இருக்கிற பித்தளை எல்லாவற்றையும் தேய்த்தேன், இப்போது வந்தால் உன் முகத்தை அண்டாவில் பார்த்துச் சவரம் பண்ணலாம். மூன்றாவது வாரம் குளத்தில் ஒரு மீன் வால் ஆட்டுவது மங்கலாகத் தெரிந்தது. நாலாவது வாரம் ஆறையும் எண்ணினோம், அடியில் நீ தவறவிட்ட சைக்கிள் சாவி கிடந்தது, அதை அப்பா எடுக்கவில்லை, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு வைத்திருக்கிறார். சுசீலாபாய் திரும்ப வந்து குனிந்து பார்த்து, சாவி யாரோடது சேட்டா என்று கேட்டாள், அவ்வளவுதான், நோட்டில் டிக் போட்டாள். உன் அப்பா அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மழையில் தண்ணீர் தணுத்துக் குளிர்ந்ததால் தெளிந்தது என்று எல்லோரிடமும் காரணம் சொன்னார், நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் ஜெபத்துக்கு என் தமிழ் வேதப்புத்தகத்தைத் திறந்தால் அங்கங்கே எழுத்துக்குக் கீழே பென்சில் புள்ளி. சங்கீதத்தில் ஒரு 'க', யோபுவில் ஒரு 'தொ', ஒரு வசனம் கூட முழுசாக இல்லை. அப்பாதான் கண் மங்கி ஏதோ செய்கிறாரோ என்று பயந்துவிட்டேன். நேற்றுச் சனிக்கிழமை, அவர் கமிட்டிக்குப் போன பிறகு முற்றத்துக்கு வந்தேன். கல்வாழைக்கு நடுவில் ஒரு பலகை நட்டிருக்கிறது, பச்சைப் பெயிண்டில், புள்ளி வைத்த அதே எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில், ‘கல்லைத் தொடாதே’. அவர் வந்ததும் இது யாருக்கு என்று கேட்டேன். வருகிற போகிறவர்களுக்கு என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. இந்தத் தெருவில் வருகிறவர் போகிறவர் எல்லோரும் மலையாளம் வாசிக்கிறவர்கள் மக்களே. தமிழ் மட்டும் வாசிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

எப்போது தெரிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நீயும் போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே. வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, ஞாயிறு ஆராதனையை விடாதே, மோட்டாருக்கு நல்ல வலை ஒன்று வருகிற ஆள் கையில் கொடுத்துவிடு. கர்த்தர் உன் கையின் வேலையை ஆசீர்வதிக்கட்டும், உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், இனி அனுப்புகிற காகிதம் எதுவானாலும் தமிழில் எழுது. பதில் எழுதும்போது மட்டும் கல் கழுவின சங்கதி ஒரு வரி வரக் கூடாது, இந்த வீட்டில் இப்போது தமிழை எழுத்துக் கூட்டுகிற ஆள் இரண்டு பேர்.

உன் நெற்றியில் முத்தமிடுகிற
அம்மா ரோஸ்